சனிக்கிழமை காலை, சிங்கப்பூர் செஸ்ட்நட் பூங்கா மலை சைக்கிள் பாதை: மழை விட்டதும் ஏறலாமா, மண்ணு பதத்துக்கு வரட்டுமா?

பாஞ்சாங்_பெடல் | காலை 4:52
எல்லாரும் எழுந்தாச்சா? மேற்குப் பக்கம் வானம் ஒரே மின்னல். ரேடார்ல பார்த்தா மலாக்கா நீரிணையிலேர்ந்து நீளமா ஒரு சிவப்புக் கோடு நம்ம பக்கம் வந்துகிட்டு இருக்கு. சுமத்ரா சூறைதான், சந்தேகமே இல்ல. 7 மணிக்கு செஸ்ட்நட்ல ஆறு பேர் சேர்றதா பேச்சு. வண்டியை நேத்து ராத்திரியே துடைச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு, தண்ணிப் பையை ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டுத்தான் படுத்தேன். அவங்கவங்க பேட்டை நிலவரம் சொல்லுங்க. 6 மணிக்கு முடிவு பண்ணலாம்.

மண்சக்கரம் | 4:58
ஜூரோங் வெஸ்ட்ல காத்து ஆரம்பிச்சிருச்சு அண்ணே. 12வது மாடி, ஜன்னல் படபடன்னு அடிச்சுக்குது. ஆனா இந்த மாதிரி மழை ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரம். விட்டதும் ஏறிடலாம். நான் ரெடி.

உபின்_அக்கா | 5:03
பாசிர் ரிஸ்ல ஒரு துளி இல்ல. வானம் தெளிவா இருக்கு. ஆனா இந்தச் சூறை மேற்கேர்ந்து கிழக்கே போறது. ஜூரோங்ல காத்துன்னா கொஞ்ச நேரத்துல இங்க மழை. மூங்கில் கழியில காயப்போட்ட துணியை உள்ள இழுத்துட்டேன்.

பொங்கோல்_புதுசு | 5:09
வணக்கம். போன வாரம் சேர்ந்தவன். முதல் தடவையா உங்களோட வரப்போறேன்னு ராத்திரி சரியாத் தூங்கலை. நாலு மணிக்கே எழுந்து ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துட்டு இருக்கேன். மழைன்னா என்ன செய்வீங்க? இன்னொரு சந்தேகம், இதுக்குச் சம்பந்தமில்லாததுதான். இங்க ஏன் இவ்வளவு லேட்டா விடியுது? எங்க கோவில்பட்டியில 6 மணிக்கெல்லாம் ஊரே எழுந்திருச்சு நடமாடும். இங்க 6:45க்கும் விளக்கு வேண்டியிருக்கு.

யீஷூன்_29 | 5:14
தம்பி, வாங்க. விடியல் விஷயம் சொல்றேன். 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சாங்க. தீபகற்ப மலேசியா தன் நேரத்தை சபா, சரவாக்கோட ஒண்ணாக்கினப்ப, சிங்கப்பூரும் கூடவே மாத்திக்கிச்சு. நாம இருக்கிற தீர்க்கரேகை 104க்குக் கிட்ட. சூரியக் கணக்குப்படி பார்த்தா நம்ம கடிகாரம் ஒரு மணி நேரம் வேகமா ஓடுது. அதனாலதான் வருஷம் பூரா 7 மணியை ஒட்டி விடியுது. செஸ்ட்நட் பூங்கா நேரமும் காலை 7லேர்ந்து மாலை 7 வரைக்கும்தான். இருட்டுல உள்ள போகக்கூடாது. அது மிருகங்களோட நேரம்.

யீஷூன்ல தூறல் ஆரம்பம்.

பொங்கோல்_புதுசு | 5:17
இத்தனை வருஷமா இங்க இருக்கேன், இது தெரியாது. நன்றிண்ணே.

பாஞ்சாங்_பெடல் | 5:26
இங்க கொட்ட ஆரம்பிச்சிருச்சு. எதிர் புளோக் தெரியல. இடி இருக்கிற வரைக்கும் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பாதீங்க. திறந்த மேட்டுல உலோக வண்டியோட நிக்கிற பேச்சே வேண்டாம்.

மண்சக்கரம் | 5:31
இடி நிக்கட்டும், அது சரி. ஆனா நின்னதுக்கு அப்புறமும் "மண்ணு ஈரம், வேண்டாம்"னு சொல்லப்போறீங்க. போன மாசமே ரெண்டு சனிக்கிழமை இப்படிப் போச்சு. நான் மனசுல உள்ளதைச் சொல்லிடறேன். சிங்கப்பூர்ல வருஷத்துக்குச் சராசரி 171 நாள் மழை. வானிலை நிலையத்தோட 1991–2020 கணக்கு அது. கிட்டத்தட்ட ரெண்டு நாளைக்கு ஒரு மழை. ஒவ்வொரு மழைக்கும் வீட்டுல உட்கார்ந்தா எப்பதான் ஓட்டுறது? வாரம் முழுக்க ஷிஃப்ட். எனக்குக் கிடைக்கிறது இந்த ஒரு காலைதான்.

உபின்_அக்கா | 5:36
தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. அந்த ஒரு காலைக்காகத்தான் நாங்களும் அஞ்சு நாள் ஓடுறோம். கோவமா சொல்லல, நானும் அதே ஆசையோடதான் எழுந்தேன்.

யீஷூன்_29 | 5:41
கணக்குல ஒரு விஷயம் சேர்த்துக்குங்க. 0.2 மில்லிமீட்டர் பெஞ்சாலே அதை "மழை நாள்"னு எண்ணிடுவாங்க. கையை நீட்டினா நாலு துளி விழற மழையும் அதுல உண்டு. மதியம் பெய்ற மழை, கிழக்குல பெஞ்சு மேற்குல பெய்யாத மழை எல்லாமே அந்த 171க்குள்ள அடக்கம். அதனால 171 நாளும் நாம ஓட்டலைன்னு ஆகாது. நான் போன வருஷம் குறிப்பு வச்சிருந்தேன். மழையால விட்ட சனிக்கிழமை 11. அவ்வளவுதான். அந்தப் 11ம் வலிச்சது, இல்லைங்கல.

பொங்கோல்_புதுசு | 5:44
புரியாமத்தான் கேக்கிறேன். மலை சைக்கிள்னாலே சேறு, சகதி, தெறிக்கிற தண்ணின்னுதானே வீடியோ எல்லாம் காட்டுது? ஈரத்துல ஓட்டினா என்ன ஆகும்? வழுக்கும்கிறதாலயா?

பாஞ்சாங்_பெடல் | 5:58
வழுக்கும். அது நம்ம பாடு. நான் கவலைப்படறது மண்ணோட பாட்டுக்காக. கொஞ்சம் நீளமா எழுதறேன், மழையும் இப்போதைக்கு விடறதா இல்ல.

நம்ம புக்கிட் தீமா, செஸ்ட்நட் பக்கத்து மண்ணு கருங்கல் சிதைஞ்சு உண்டானது. களிமண் கலந்த செம்மண்ணு. காஞ்சிருந்தா இறுகித் தரை மாதிரி கிடக்கும். நல்லா நனைஞ்சா பிசைஞ்ச மாவு. அதுமேல சக்கரம் போனா ஒரு தடம் பதியுது. அந்தத் தடம் இறக்கத்தோட திசையிலயே ஓடுது. அடுத்த மழைக்குத் தண்ணி எங்க ஓடும்? நம்ம போட்டுக் குடுத்த வாய்க்கால்லதான். ஓடற தண்ணி முதல்ல நைஸ் மண்ணை அரிச்சுக்கிட்டுப் போகும். கல்லு தனியா நிக்கும். வேர் வெளிய வரும். ஒரு சனிக்கிழமை ஒரு விரக்கடை ஆழத்துக்குப் பதிஞ்சது, ரெண்டு மூணு மழைக்குள்ள ஒரு சாண் பள்ளமாயிடும்.

பிரேக் பிடிக்கிற இடம் இன்னும் மோசம். ஈரத்துல பின்சக்கரம் பூட்டிக்கிட்டு இழுபடும், ரெண்டு முழ நீளத்துக்கு மேல்தோல் உரிஞ்ச மாதிரி ஆகிடும். குட்டை நின்னா, அடுத்து வர்றவங்க ஓரமா ஒதுங்கிப் போவாங்க. அந்த ஓரத்துல முளைச்ச கன்னு எல்லாம் நசுங்கும். ஒரு கை அகலப் பாதை நாலு மாசத்துல வண்டிப்பாதை அகலத்துக்கு விரியும். செஸ்ட்நட் பூங்காவே மத்திய நீர்ப்பிடிப்பு வனத்துக்கு ஒரு வேலி மாதிரி அமைச்சதுதான். வேலியை நாமளே மிதிக்கக் கூடாது.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. 2013ல நாங்க ஏழு பேர் கனமழை விட்ட அரை மணியில புக்கிட் தீமா பாதையில இறங்கினோம். அருமையான காலை, இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. ஒரு வளைவுல குட்டை நின்னுச்சு. ஏழு பேரும் இடது பக்கம் ஒதுங்கிப் போனோம். மூணு மாசம் கழிச்சு அதே வளைவுல புதுசா ஒரு கிளைப்பாதை. நாங்க தொடங்கி வச்சது, மத்தவங்க முடிச்சது. பிறகு பாதை சீரமைக்கிற நாள்ல தன்னார்வலரா போய் அந்த மாதிரி ஒரு இடத்துக்கு மண்ணு சுமந்தேன். ஒரு வாளி மண்ணை மேட்டுக்கு ஏத்தி, கொட்டி, இடிச்சு இறுக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தோளுக்குத் தெரியும். அன்னிலேர்ந்து நனைஞ்ச மண்ணுல ஏறுறதில்லை.

மண்சக்கரம் | 6:04
இதை முன்னாடியே இப்படி விளக்கிச் சொல்லியிருக்கலாமே அண்ணே. "ஈரம், வேண்டாம்"னு மட்டும்தான் இத்தனை நாள் கேட்டிருக்கேன்.

ஆனாலும் ஒண்ணு கேக்கறேன். எவ்வளவு ஈரம்னா வேண்டாம்? தூறினாலும் வேண்டாமா? அளவு இல்லாத விதியை எப்படிக் கடைப்பிடிக்கறது?

பாஞ்சாங்_பெடல் | 6:07
சரியான கேள்வி. ஆளுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கோம். என் கணக்கு: ஓட்டிப் போய்த் திரும்பிப் பார், உன் தடம் பதிஞ்சு தெரிஞ்சா அங்கயே இறங்கி ஓரமா தள்ளிக்கிட்டுத் திரும்பு. ஆனா இதுல ஒரு குறை. தடம் பதிஞ்ச பிறகுதான் தெரியுது.

பொங்கோல்_புதுசு | 6:19
நான் ஒண்ணு சொல்லலாமா? சைக்கிள் பத்தி எனக்குத் தெரியாது, மண்ணு பத்திக் கொஞ்சம் தெரியும்.

எங்க ஊரு கரிசல் காடு. மழை பெஞ்சா கரிசல் மண்ணு எப்படி ஆகும்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். நாலு அடி நடந்தா செருப்பு நாலு கிலோ. மாட்டுவண்டி இறக்கினா சக்கரத்துல அப்பி, அப்பி, ஆரக்கால் இடைவெளி எல்லாம் அடைஞ்சு, மாடு முட்டி போட்டுரும். எங்க தாத்தா மழை விட்ட அன்னிக்குக் காட்டுக்குள்ள யாரையும் கால் வைக்க விடமாட்டார். "ஈரத்துல மிதிச்சா மண்ணு செத்துப் போகும்டா"ம்பார். உண்மையிலேயே அப்படித்தான். ஈரத்துல மிதிபட்ட கரிசல் காய்ஞ்சா செங்கல் மாதிரி கட்டியாகும். அதுல வேரும் இறங்காது, தண்ணியும் இறங்காது.

அதே சமயம் முழுசாக் காயவும் விடமாட்டார். காய்ஞ்சு போச்சுன்னா கலப்பை இறங்காதே. நடுவுல ஒரு பதம் இருக்கு. அதுக்குத் தினமும் காலையில போய் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில வச்சு உருட்டுவார். உருண்டை பிடிக்கணும், ஆனா விரல்ல ஒட்டக்கூடாது. பிடிச்ச உருண்டையைப் பெருவிரலால தட்டினா பொலபொலன்னு உதிரணும். அதுதான் பதம். "இன்னைக்கு ஆச்சு, ஏர் பூட்டு"ம்பார். உருண்டை நசுங்கிச்சுன்னா இன்னும் ஒரு நாள்.

அண்ணன் சொன்ன கதையைப் படிக்கும்போது இதுதான் நினைவுக்கு வந்துச்சு. உங்க பாதைக்கும் இதே சோதனை சரிவருமான்னு தெரியல.

உபின்_அக்கா | 6:23
தம்பி, இதை அப்படியே எடுத்து வச்சுக்கறேன். இருபது வருஷமா ஓட்டறேன். "பதம்"கிற சொல்லைப் பணியாரத்துக்கும் பாகுக்கும்தான் சொல்லியிருக்கேன். மண்ணுக்கும் அதே சொல்தான்னு இன்னிக்குத்தான் உறைக்குது.

பாஞ்சாங்_பெடல் | 6:25
சரிவரும். நல்லாவே சரிவரும். சக்கரம் வைக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோகும். என் கணக்கைவிட இது மேல். பாதையோரம் தோண்டக்கூடாது, நுழைவாசல்ல மிதிபடற இடத்துலேர்ந்து ஒரு சிட்டிகை போதும். பார்த்துட்டு அங்கயே போட்டுடணும்.

மண்சக்கரம் | 6:28
அளவு கேட்டேன், கிடைச்சிருச்சு. நன்றி பொங்கோல். ஆனா முடிவு? இன்னைக்கு இல்லைன்னு ஆச்சா?

பாஞ்சாங்_பெடல் | 6:30
காலையில இல்ல. இங்க இன்னும் கொட்டுது. சாயங்காலம் பார்ப்போம்.

உபின்_அக்கா | 6:33
இங்கயும் வந்தாச்சு. காத்து மரத்தை வளைக்குது. உபின் தீவுக்குப் போகலாமான்னு ஒரு எண்ணம் இருந்துச்சு, அதுவும் இப்ப இல்ல. சாங்கி படகுத்துறையில பன்னிரண்டு பேர் சேர்ந்தாத்தான் படகு கிளம்பும். இந்த மழையில வரிசையில நிக்க ஆள் வராது.

புதுத் தம்பிக்காகச் சொல்றேன்: உபின்ல இருக்கிற கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா 2008ல திறந்தது. பாதை சுமார் 10 கிலோமீட்டர். நீலச் சதுரம் போட்ட பாதையில மட்டும் முதல் மூணு தடவை ஓட்டுங்க. கறுப்பு வைரம் ஒண்ணு போட்டது கஷ்டம், ரெண்டு வைரம் போட்டது எனக்கே இன்னும் இறங்கித் தள்ளுற இடம். பழைய கல்குவாரியைச் சுத்தித்தான் பாதை போகும். அந்தத் தீவோட கருங்கல்லைத்தான் 1851ல கட்டி முடிச்ச ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனாங்க. காலையில குவாரி ஓரமா நின்னா வைக்கோல் நிறத் தலையோட ஒரு கொண்டைக்குருவி பாடும். கூண்டுல வச்சு விக்கிறதுக்காகப் பிடிச்சுப் பிடிச்சே பல நாடுகள்ல அதை இல்லாம ஆக்கிட்டாங்க. உபின்ல இன்னும் இருக்கு. அது பாடும்போது நான் வண்டியை நிறுத்திடுவேன். யார் பின்னாடி வந்தாலும் பரவாயில்லை, மன்னிச்சுக்குவாங்க.

யீஷூன்_29 | 6:40
மழை நேரத்தை வீணாக்காம வண்டியைப் பாருங்க. பொங்கோல் தம்பி, வண்டி விவரம் என்ன?

பொங்கோல்_புதுசு | 6:46
பழசு வாங்கினேன் அண்ணே. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், 29 அங்குலச் சக்கரம், டயர் 2.3. டிஸ்க் பிரேக் ஈரமானா ஆடு கத்துற மாதிரி கத்துது. டியூப் இல்லாத டயர்னு சொல்லி வித்தார், ஆனா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை காத்து இறங்குது. காத்து எவ்வளவு வைக்கணும்னும் தெரியல. ஒரு கடையில கேட்டதுக்கு ரெண்டு சக்கரத்தையும் மாத்தணும், 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும்னாங்க.

யீஷூன்_29 | 7:02
சக்கரத்தை மாத்தாதீங்க! ஒரு வேலையும் குடுக்காம முதல்ல இதைச் செய்யுங்க.

டியூப் இல்லாத டயருக்குள்ள வெள்ளையா ஒரு பால் ஊத்தியிருப்பாங்க, சீலன்ட். முள்ளு குத்தினா ஓட்டையில போய் உறைஞ்சு அடைக்கிறது அதுதான். நம்ம ஊரு வெக்கையில ரெண்டு மூணு மாசத்துல அது காய்ஞ்சு தோலாயிடும். பழசு வாங்கின வண்டின்னா அநேகமா உள்ள ஒரு சொட்டு இருக்காது. வால்வைக் கழட்டி, சக்கரத்துக்கு 100 மில்லி ஊத்தி, நல்லாக் காத்தடிச்சு, படுக்க வச்சு ரெண்டு பக்கமும் சுத்துங்க. பெரும்பாலும் இதோட சரியாகும். ஒரு பாட்டில் செலவுதான்.

காத்து: உங்க எடை 70 கிலோ பக்கம்னா முன்னாடி 22, பின்னாடி 25 பிஎஸ்ஐ வச்சுத் தொடங்குங்க. வேர்மேல போகும்போது ரிம் இடிச்சா ரெண்டு கூட்டுங்க. கல்லு மாதிரி துள்ளினா ஒண்ணு குறையுங்க. ரோட்டு சைக்கிள் மாதிரி 50, 60ன்னு அடிச்சா வேர்ல பிடியே இருக்காது.

பிரேக் கத்துறது ஈரத்துல எல்லா வண்டிக்கும் கொஞ்சம் உண்டு. காய்ஞ்ச பிறகும் கத்தினா பேட்ல எண்ணெய் பட்டிருக்கலாம். செயின் எண்ணெயை ஸ்ப்ரேயா அடிக்கிறவங்களுக்கு இது நடக்கும். டிஸ்க்கை ஆல்கஹால்ல துடைங்க. பேட் எண்ணெய் குடிச்சிருந்தா மாத்தத்தான் வேணும். அது சின்னச் செலவு.

தள்ளிப்போடக் கூடாதது ஒண்ணு இருக்கு. பின்கியரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர். விழுந்தா ஃபிரேமுக்குப் பதிலா அது வளையணும்னே மெலிசா செஞ்சிருப்பாங்க. உங்க மாடலுக்கு உரியது ஒண்ணு வாங்கிப் பையில போட்டுக்குங்க. காட்டுக்குள்ள அது உடைஞ்சா வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் வரணும்.

பொங்கோல்_புதுசு | 7:05
600 வெள்ளி மிச்சம். கையெடுத்துக் கும்பிடறேன் அண்ணே.

உபின்_அக்கா | 7:10
ஈர வேர் பத்திப் பேச்சு வந்ததால இதையும் கேட்டுக்குங்க. 2017ல ஒரு இறக்கம், மழை விட்டு மறுநாள் காலை. மண்ணு காய்ஞ்சிருந்துச்சு, அதனால தைரியமா இறங்கினேன். ஆனா நிழல்ல கிடந்த வேர் மட்டும் ஈரம். சாய்வா கிடந்த வேர்மேல முன்சக்கரம் ஏறினப்போ பிரேக்கையும் பிடிச்சிட்டேன். சறுக்கினது ஞாபகம் இல்ல, தரையில கிடந்ததுதான் ஞாபகம். வலது காறை எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் தொட்டில் கட்டு. பொண்ணுக்குத் தலை பின்ன முடியல, அதுதான் பெரிய வருத்தமா இருந்துச்சு.

வேரைக் கண்டா அதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடணும். வேர்மேல இருக்கும்போது பிரேக்கைத் தொடாதீங்க. குறுக்கே நேரா கடங்க, சாய்வா ஏறாதீங்க. இடுப்பைச் சீட்லேர்ந்து தூக்கி, முழங்கையை இளக்கி வச்சுக்குங்க. முடியலைன்னு தோணினா இறங்கித் தள்ளுங்க. எங்கள்ல ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லமாட்டோம்.

மண்சக்கரம் | 7:14
அக்கா, அந்த ஆறு வாரமும் நீங்க தினமும் காலையில இங்க வந்து வானிலை சொன்னீங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

உபின்_அக்கா | 7:16
வேற எங்க போறது தம்பி. வண்டிதான் ஓட்ட முடியல, காலை 5 மணிக்கு விழிப்பு வந்துடுதே.

பாஞ்சாங்_பெடல் | 7:35
இங்க விட்டாச்சு. இலையிலேர்ந்து சொட்டுறது மட்டும்தான். மண்ணு வேண்டாம், ஆனா பசி இருக்கு. ரயில் காரிடார் (பழைய ரயில் பாதை இருந்த தடம்) வழியா பியூட்டி வோர்ல்ட் பக்கம் பிராட்டா சாப்பிடப் போலாமா? தளம் போட்ட பகுதியிலயே போயிடலாம், புல் பக்கம் இறங்க வேண்டாம். 9 மணிக்கு, ஹில்வியூல சேர்ந்து கிளம்பறோம்.

மண்சக்கரம் | 7:37
வர்றேன். ஜூரோங்லேர்ந்து ரோட்டுலயே வந்துடறேன்.

யீஷூன்_29 | 7:41
நானும். வண்டியை ரயில்ல ஏத்த முடியாது, மடக்கு சைக்கிளுக்குத்தான் அனுமதி. பொங்கோல் தம்பி, எப்படி வருவீங்க? என்கிட்ட வேன் இருக்கு, வழியில வந்து ஏத்திக்கறேன். சீலன்ட் பாட்டிலும் கொண்டு வர்றேன், அங்கயே ஊத்திடலாம்.

ரோட்டுல வர்றவங்களுக்கு ரெண்டு விஷயம். மழை விட்ட ரோட்டுல வெள்ளைக் கோடும் சாக்கடை மூடியும் சோப்பு மாதிரி. அதுங்க மேல திரும்பவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். ஒற்றை வரிசைன்னா ஒரு கூட்டத்துல அஞ்சு வண்டிதான், 2022 ஜனவரிலேர்ந்து விதி. ஆறு பேர்னா மூணு மூணாப் பிரிஞ்சு, நடுவுல ரெண்டு விளக்குக் கம்ப தூரம் விடுங்க. ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு மறக்காதீங்க.

பொங்கோல்_புதுசு | 7:44
மனைவி கேக்கறாங்க: "மழை பெஞ்சு ஓட்டலைன்னு சொன்னீங்க, அப்ப எங்க கிளம்பறீங்க?" சாப்பிடப் போறோம்னு சொன்னேன். "முதல்லயே சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே"ங்கறாங்க.

உபின்_அக்கா | 7:46
கூட்டிக்கிட்டு வாங்க தம்பி! என் பொண்ணும் வர்றா, அவங்களுக்குத் துணையா இருக்கும். நாங்க பஸ்ல நேரா கடைக்கு வந்துடறோம்.

பாஞ்சாங்_பெடல் | 11:20
வீடு சேர்ந்தேன். நாலு முட்டை பிராட்டா, ரெண்டு கோசோங் (வெறும் பிராட்டா), மீன் குழம்பு, மூணு தே தாரிக், எனக்கு ஒரு தே ஓ (பால் இல்லாத டீ). எட்டுப் பேர் சேர்ந்து உட்கார ரெண்டு மேசையை இழுத்துப் போட்டோம். கடை வாசல்லயே பொங்கோல் தம்பி வண்டிக்குச் சீலன்ட் ஊத்தி, சிந்தினதைத் துடைச்சு, காத்தும் வச்சாச்சு.

ரயில் காரிடார்ல வர்றப்ப அந்தப் பழைய இரும்புப் பாலத்துல கொஞ்ச நேரம் நின்னோம். 2011 ஜூன் 30ஆம் தேதி ராத்திரி கடைசி ரயில் போனப்ப நான் அந்தப் பக்கத்துல நின்னு கையாட்டினவன். எங்க அப்பா ரயில்வேயில தண்டவாளம் பார்க்கிற வேலையில இருந்தவர். ஸ்லீப்பர் கட்டைக்குக் கீழ மண்ணு அரிச்சிருக்கான்னு மழைக்கு மறுநாள் நடந்தே பார்ப்பார். கோவில்பட்டி தாத்தா கதையைக் கேட்டதுலேர்ந்து அவர் ஞாபகமாவே இருக்கு.

மண்சக்கரம் | 12:05
சாப்பிட்டுட்டுப் போற வழியில செஸ்ட்நட் வாசல் வரைக்கும் போனேன். ஓட்டல. சத்தியமா. வண்டியை வெளிய நிறுத்திட்டு நடந்து போய் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உருட்டினேன். சப்பாத்தி மாவு மாதிரி நசுங்கிச்சு, விரல்ல ஒட்டிக்கிச்சு. அங்கேர்ந்து பார்த்தா முதல் வளைவுல ஏற்கனவே யாரோ போயிருக்காங்க, மூணு நாலு சக்கரத் தடம் ஆழமா பதிஞ்சு கிடக்கு. அதுல தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் எழுதினது கண்ணு முன்னாடி.

ஆனா என் வாதத்துல பாதியை நான் விடல. மழை நாடுன்னு தெரிஞ்சே பாதை போடறோம். தண்ணி தேங்குற இடத்துல கல்லு பதிச்சு, பாதையைப் பக்கவாட்டுல லேசாச் சாய்ச்சு, இறக்கத்துல அங்கங்க சின்னத் திண்டு வச்சுத் தண்ணியை வெளிய திருப்பி விட்டா, பாதை இன்னும் சீக்கிரம் பதத்துக்கு வரும். நாம ஓட்டாம இருக்கிறது ஒண்ணு, பாதையைச் சரி பண்ணச் சொல்லிக் கேக்கறது இன்னொண்ணு. ரெண்டும் வேணும். அடுத்த சீரமைப்பு நாள் எப்பன்னு சொல்லுங்க, நான் வர்றேன். வாளியை நான் தூக்கறேன்.

பாஞ்சாங்_பெடல் | 12:11
முழுசா ஒத்துக்கறேன். அந்த முதல் வளைவு எப்பவுமே கடைசியாக் காயற இடம். அங்க கல்லு பதிக்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா எண்ணம். தேசியப் பூங்காக் கழகத்துக்கு நாம சேர்ந்தே எழுதுவோம். நீங்க எழுதி அனுப்புங்க தம்பி, நான் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன். நாமளே கடப்பாரையோட இறங்கக்கூடாது, அனுமதியோடதான்.

யீஷூன்_29 | 12:14
அந்தத் தடம் போட்டவங்களைத் திட்ட வேண்டாம். அவங்களுக்கும் யாராவது விளக்கிச் சொல்லியிருக்க மாட்டாங்க.

உபின்_அக்கா | மதியம் 1:30
வெயில் சுள்ளுன்னு அடிக்குது. காலையில உள்ள இழுத்த துணியை மறுபடி கழியில போட்டு முடிச்சேன்.

பொங்கோல்_புதுசு | மாலை 5:10
செஸ்ட்நட் வாசல்ல நிக்கிறேன். மனைவியும் நடைபாதைப் பக்கம் வந்திருக்காங்க. மரத்துல ஏதோ பறக்கும் லெமூராம், பட்டையோட பட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கு, அதையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க.

மண்ணு நிலவரம்: திறந்த இடத்துல உருண்டை பிடிக்குது, தட்டினா உதிருது. நிழல்ல இன்னும் ஒட்டுது. முதல் வளைவுல விரல் வச்சேன், முனை உள்ள போகுது. தாத்தாவா இருந்தா இன்னைக்கு ஏர் பூட்டமாட்டார். நாளைக்குக் காலையில பூட்டுவார்.

பாஞ்சாங்_பெடல் | 5:14
அப்ப நாளைக்குக் காலை. அதுக்குள்ள பம்ப் டிராக் (மேடு பள்ளமா இருக்கிற பயிற்சித் தடம்) காய்ஞ்சிருந்தா அங்க ரெண்டு சுத்து பழகிக்குங்க தம்பி, பிரேக் பிடிக்காம உடம்பை மட்டும் அசைச்சு. 7 மணிக்கு மூடிருவாங்க.

மண்சக்கரம் | 5:15
நாளைக்கு எனக்கு ஷிஃப்ட் 2 மணிக்கு மேலதான். வர்றேன்.

உபின்_அக்கா | 5:20
நானும் வர்றேன். முதல் ஆளா வாசலுக்கு வர்றவங்க மண்ணை உருட்டிப் பார்த்துட்டு இங்க ஒரு வரி போடுங்க.

பாஞ்சாங்_பெடல் | மறுநாள் காலை 6:57
வாசல்ல இருக்கேன். உதிருது. வாங்க.